வீட்டுக்கு ஒரு பைல், தட்டுக்கு ஒரு அளவு

(மணமேல்குடியில் மதரஸா கூடத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இன்று நாம் பேசப் போவது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நம் வீட்டு பீரோ, நம் கையில் இருக்கும் போன், நாம் சாப்பிடும் தட்டு. இந்த மூன்றைப் பற்றித்தான். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். இந்தக் கூட்டத்தைக் கூட்டக் காரணமான சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சம்பந்தப்பட்ட வீட்டார் அனுமதி கொடுத்ததால்தான் சொல்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நிக்காஹ். 65 வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் அதற்குப் போனார். பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உள்ளவர். காலையில் வழக்கம்போல மாத்திரை போட்டுக்கொண்டார். "மதியம்தான் விருந்து இருக்கிறதே" என்று பசியாறவில்லை, ஒரு டீ மட்டும் குடித்தார். நிக்காஹ் தாமதமானது. பந்தி போடும்போது மணி மூன்று. அதற்குள் அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, உட்கார்ந்த இடத்திலேயே சரிந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" வீட்டார் சொன்ன பதில், "வெள்ளையா, சின்னதா இருக்கும் டாக்டர்." மருந்துச் சீட்டை அவர் தன் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தார். போன் பூட்டியிருந்தது. பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் பேரன் ஒருவர்தான். அவர் திருச்சியில் கல்லூரி வகுப்பில் இருந்தார், போனை அணைத்து வைத்திருந்தார். காப்பீட்டு அட்டையைத் தேடினார்கள். மலேசியாவில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டபோது "நீலக் கலர் கவரில் இருக்கும்" என்றார். பீரோவில் மூன்று நீலக் கவர் இருந்தது. ஒன்றில் பிள்ளைகளின் மார்க் ஷீட், ஒன்றில் கரண்ட் பில், ஒன்றில் பழைய கல்யாணப் பத்திரிகைகள்.

அல்ஹம்துலில்லாஹ், குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தார். ஆனாலும் டாக்டர் விடவில்லை, மாத்திரையின் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சில வகைச் சர்க்கரை மாத்திரைகளின் வேகம் பல மணி நேரம் உடம்பில் நிற்கும். ஏற்றிய சர்க்கரை மறுபடியும் இறங்கிவிடலாம். அதனால் எந்த மாத்திரை என்று தெரியாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது. பேரன் போனை எடுத்த பிறகுதான் பெயர் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து அவர் வீடு திரும்பினார்.

அந்த வீட்டில் பணம் இல்லாமல் இல்லை, பாசமும் இல்லாமல் இல்லை. சாப்பாட்டுக்கு ஒரு நேரமும் காகிதத்துக்கு ஓர் இடமும் இல்லை. நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று அவரவர் மனதில் கேட்டுப் பார்ப்போம்.

மார்க்கம் காட்டும் ஒழுங்கு

குர்ஆனில் உள்ள வசனங்களிலேயே மிக நீளமானது எது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சூரத்துல் பகராவின் 282-வது வசனம். அது எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிய தொகையோ பெரிய தொகையோ, எழுதச் சோம்பல்படாதீர்கள் என்றும் சாட்சி வையுங்கள் என்றும் அல்லாஹ் கற்றுத் தருகிறான். தொழுகையையும் நோன்பையும் கடமையாக்கிய ரப்பு, கணக்கு எழுதுவதற்காக இத்தனை நீளமான வசனத்தை இறக்கியிருக்கிறான் என்றால், ஆவணம் என்பது உலக காரியம்தானே என்று நாம் ஒதுக்க முடியுமா?

வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நாம் இரண்டு இரவு அல்ல, இருபது வருடம் கழித்துவிடுகிறோம்.

சாப்பாட்டுக்கும் அப்படித்தான். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் அளவு சொன்னதைத் திர்மிதியில் பார்க்கிறோம். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது, குறைவாக இருந்தாலும் விடாமல் செய்வது என்பதும் நாம் அறிந்த ஹதீஸ்தான். இன்று நாங்கள் சொல்லப் போகும் எல்லாமே சின்னச் சின்ன வேலைகள். விடாமல் செய்தால்தான் பலன்.

பைலில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் காகிதம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்ததை நம் கடற்கரையில் யாரும் மறந்திருக்க முடியாது. ஓடு பறந்த வீடுகளில் பட்டாவும் சான்றிதழும் நனைந்து ஒட்டிக்கொண்டன. வெயிலில் காயப்போட்டு ஒவ்வொன்றாக உரித்தெடுத்தவர்கள் இந்தக் கூடத்திலும் இருக்கிறீர்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது, இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் அத்தா பெயர், அம்மா பெயர் எங்கே என்று வீடு வீடாகத் தேடினோம். ஒவ்வொரு முறையும் அவசரம் வந்த பிறகுதான் பீரோவைத் திறக்கிறோம்.

அதனால் வீட்டுக்கு ஒரு பைல். தண்ணீர் புகாத ஜிப் வைத்த கவர் எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும். அதற்கு மூன்று பக்கம் எழுதினால் போதும்.

முதல் பக்கம் உடம்பு. வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயர், வயது, இரத்த வகை, என்ன நோய், என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும். மாத்திரை மாறினால் அன்றே அடித்துத் திருத்த வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டையும் இதோடு இருக்கட்டும். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவும் திட்டம் அது.

இரண்டாம் பக்கம் பொருள். எந்த பேங்கில் கணக்கு, நாமினி யார், தபால் ஆபீஸ் சேமிப்பு, பட்டா எண், அடகில் உள்ள நகை, கொடுத்த கடன், வாங்கிய கடன், கொடுக்காமல் நிற்கும் மஹர், பாக்கி உள்ள ஜகாத். பத்து வருடம் யாரும் தொடாத பேங்க் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடுகிறது. வாரிசுகள் அதைக் கேட்டு வாங்கலாம். எந்த பேங்கில் இருக்கிறது என்று தேடிப் பார்க்க 'உத்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் திறந்தது. இருந்தாலும் தேடும் நிலைமைக்குப் பிள்ளைகளைத் தள்ளாமல், நாமே எழுதி வைப்பது நல்லது. மையித்தின் கடனை அடைக்காமல் சொத்தைப் பங்கு வைக்கக் கூடாது என்பது நமக்குத் தெரியும். கடன் எவ்வளவு என்றே தெரியாமல் பிள்ளைகள் எப்படி அடைப்பார்கள்?

மூன்றாம் பக்கம் சபுராளிகளுக்கு. பாஸ்போர்ட் நகல், விசா நகல், வேலை செய்யும் இடத்தின் விலாசம், உடன் தங்கியிருக்கும் ஒருவரின் எண். பத்தாம் வகுப்பு முடிக்காமல் வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்' என்று இருக்கும். நம் ஊர் வழியாகப் போகும் ஈ.சி.ஆர் ரோடு அல்ல, குடியகல்வு அனுமதி தேவை என்று அர்த்தம். அப்படிப் போகிறவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் மௌத்தாகிவிட்டாலோ நிரந்தரமாக ஊனமடைந்தாலோ 10 லட்சம் ரூபாய். ஏஜென்ட் பணத்தைக் கட்டியிருப்பார். ஆனால் பாலிசி எண் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. போவதற்கு முன் அந்தத் தாளை ஒரு நகல் எடுத்து இந்த பைலில் வையுங்கள்.

இன்னொன்று, நம் சமுதாயத்துக்கே உரிய சிக்கல். பெயர். ஒரே ஆள் ஆதாரில் 'முகமது', பள்ளிச் சான்றிதழில் 'மொஹம்மது', பாஸ்போர்ட்டில் 'முஹம்மத்'. தாய்மார்களில் ஒருவர் ஓர் இடத்தில் 'பீவி', இன்னோர் இடத்தில் 'பீபி', ரேஷன் கார்டில் பீவியே இல்லை. இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். இங்கிலீஷ் எழுத்து மாறினாலும் கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள்தான். வீட்டில் எல்லாருடைய பெயரும் எந்த ஆவணத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அவசரமில்லாத காலத்தில் இ-சேவை மையத்திலும் ஆதார் மையத்திலும் திருத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் கைரேகை, கருவிழி புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர் பதியும் முன்பே பெயரைச் சரி பாருங்கள். அந்தச் சான்றிதழில் ஏறிய பெயர்தான் ஆயுள் முழுதும் கூட வரும்.

போனுக்கு ஓர் ஒழுங்கு

காகிதம் நனையும், கரையான் அரிக்கும். அதனால் போனிலும் ஒரு பிரதி வேண்டும். 2015 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் ஆதார், ஓட்டுநர் உரிமம், வண்டி ஆர்.சி., பல தேர்வுகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் இறக்கி வைக்கலாம். வழங்கிய அலுவலகத்திலிருந்தே நேராக அதில் வந்து சேரும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று சட்டவிதியே இருக்கிறது. நாமே போட்டோ எடுத்து ஏற்றுவது வெறும் நகல்தான். இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

நம் போன்களைத் திறந்து பார்த்தால், 'ஜும்ஆ முபாரக்' படம் ஆயிரம் இருக்கும். அதற்கு நடுவில் எங்கோ அத்தாவின் ஸ்கேன் ரிப்போர்ட் புதைந்து கிடக்கும். வாட்ஸ்அப் செட்டிங்கில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். போட்டோப் பகுதியில் 'மருத்துவம்', 'ஆவணம்' என்று இரண்டே ஆல்பம் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை, ஜும்ஆவுக்குக் குளித்துத் தயாராகும் முன் பத்து நிமிடம், தேவையில்லாததை அழித்துத் தேவையானதை அந்த ஆல்பத்தில் போடுங்கள். பெரும்பாலான போன்களில் பூட்டைத் திறக்காமலே பார்க்கும்படி அவசரத் தகவல் எழுதி வைக்க இடம் இருக்கிறது. நோய், மாத்திரை, அழைக்க வேண்டிய எண் மூன்றையும் அதில் எழுதுங்கள். அந்தப் பெரியவர் போனில் அது இருந்திருந்தால் பேரனைத் தேடியிருக்க வேண்டாம்.

போனின் பூட்டு எண்ணை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். ஆனால் பேங்க் பின் எண்ணையும் ஓ.டி.பி.யையும் யாரிடமும் சொல்லக் கூடாது, பைலிலும் எழுதக் கூடாது. ஆதார் நகல் கேட்கும் இடங்களில் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம், அது ஆதார் இணையதளத்திலேயே கிடைக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. பைலைத் தொடாதீர்கள். "உன் மகன் பெயரில் பார்சலில் போதைப் பொருள் வந்திருக்கிறது, வீடியோ காலிலேயே உன்னைக் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டினால் போனை வையுங்கள். 'டிஜிட்டல் கைது' என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையாது. பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் வீடு என்று தெரிந்தால் தாயின் பயத்தை வைத்துத்தான் பறிப்பார்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.

"எங்களுக்கு இதெல்லாம் தெரியாது"

இதை எல்லாம் யார் செய்வது? ஆண்கள் பாதிப் பேர் சபுரில். வீட்டில் இருப்பது நீங்கள்தான் தாய்மார்களே. "எங்களுக்கு இதெல்லாம் தெரியாது, பையன் வந்தால் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லாதீர்கள். இந்த மாவட்டத்தில் இதே வார்த்தையை முன்பும் ஒரு முறை சொன்னார்கள்.

1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். கூலி வேலை செய்கிறவர், கல் உடைக்கிறவர், அங்கன்வாடிப் பணியாளர், டீச்சர் என்று பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து நாடெங்கும் தெரியும்படி எழுதினார். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். அன்றைக்குக் கேலி பேசியவர்கள் உண்டு. நாங்கள் அப்போது இளைஞர்கள், அந்தக் கேலியைக் காதால் கேட்டவர்கள். சில வருடத்தில் அதே சைக்கிளில் தண்ணீர்க் குடம் வந்தது, பிள்ளை பள்ளிக்கூடம் போனது, கேலி தானாக நின்றது. சைக்கிளையே பழகிய மாவட்டத்துக்கு ஒரு போன் பெரிதா? ஒரு சாயங்காலம் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். அவளுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

தட்டுக்கு வருவோம்

அந்தப் பெரியவர் மயங்கியது சாப்பாடு தவறியதால். ஆனால் சர்க்கரை நோய் வந்தது ஒரு நாளில் அல்ல. நம் மாநிலத்தில் இது எந்த அளவுக்கு இருக்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை டாக்டர் வி. மோகனின் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல்.

நம் சாப்பாட்டைப் பற்றிய ஆராய்ச்சி இந்தத் தமிழ்நாட்டில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1918-ல் குன்னூரில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். பிறகு இந்தியாவின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் சாப்பிட்ட பஞ்சாப் பக்கத்து எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசிச் சோறு நிறைய, காயும் பாலும் கொஞ்சம் என்று சாப்பிட்ட சென்னை மாகாணத்து எலிகள் நோஞ்சானாகப் பின்தங்கின. அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய் இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நூறு வருடமாகியும் நம் தட்டு அதே தட்டுதான். வெள்ளைச் சோறு மலையாக, அதன் ஓரத்தில் ஒரு கரண்டி கூட்டு.

21 நாடுகளில் 1,32,000-க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் ஒன்பதரை வருடம் கவனித்த ஓர் ஆய்வு 2020-ல் வந்தது. தினம் 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை நோய் கூடுதலாக வந்தது. இந்த வேறுபாடு அதிகமாகத் தெரிந்தது நம் தெற்காசியாவில்தான்.

சோறு ஹராமா? இல்லை. பிரியாணியை விட்டுவிட வேண்டுமா? அப்படிச் சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் வரமாட்டீர்கள். புதுச் சாமான் எதுவும் வாங்க வேண்டாம், ஓட்ஸும் சியா விதையும் தேட வேண்டாம். இருக்கிற சாப்பாட்டின் அளவை மாற்றினால் போதும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டியின் கணக்கு எளிதானது. தட்டில் பாதி காயும் கீரையும் பழமும். மீதிப் பாதியில் சோறும், பருப்பு, மீன், முட்டை, தயிர் போன்றவையும்.

கடற்கரையில் இருக்கும் நமக்கு மீனுக்குப் பஞ்சமில்லை. சூடை, காரல், நெத்திலி எல்லாம் விலை குறைந்த நல்ல மீன்கள். நெத்திலியை முள்ளோடு தின்பதில் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. எண்ணெயில் பொரிப்பதைக் குறைத்து ஆணமாக வையுங்கள். கொல்லையில் முருங்கை இருக்கும் வீட்டில் வாரம் மூன்று நாள் கீரை இல்லை என்றால் அது நம் சோம்பல்தான். முதலில் காயையும் மீனையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றைத் தொட்டால் சர்க்கரை சட்டென்று ஏறாது.

அளவு தெரிய இரண்டு கணக்கு சொல்கிறோம். டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு நாளைக்கு ஐந்து டீ என்றால் பத்து ஸ்பூன். ஸ்பூனுக்கு 5 கிராம் வைத்தால் 50 கிராம். மாதம் ஒன்றரைக் கிலோ. ஒரே ஆள், டீயில் மட்டும்! நல்லது வேண்டுமானால் நாளைக்கு 25 கிராம் அளவில் நிறுத்துங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. அடுத்தது உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது அதே நிறுவனம் சொல்லும் அளவு. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் குறைந்தது 40 நாள் வர வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தின் உப்பு இந்தக் கணக்குக்கு உள்ளேதான். பாக்கெட் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிப் பாருங்கள், உங்கள் வீட்டு இரத்த அழுத்தத்தின் காரணம் தெரிந்துவிடும்.

ரமலானுக்கும் ஒரு வார்த்தை. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நம் நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதன் பக்கத்தில் வரும் வடை, சமோசா, ரோஸ் மில்க் மூன்றும்தான் நோன்பின் பலனை உடம்பிலிருந்து பறிக்கின்றன. சர்க்கரை நோயாளிகள் ரஜப் பிறந்ததும் டாக்டரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மாத்திரையை எப்படி மாற்றுவது என்று கேட்டுவிட வேண்டும். நோன்பு வைத்திருக்கும்போது விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70-க்குக் கீழே போனாலும் 300-க்கு மேலே போனாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையை வீம்புக்காகத் தள்ளுவது தக்வா ஆகாது.

ஐந்து வக்த்தில் அடங்கும் ஒழுங்கு

இத்தனையையும் எப்படி ஞாபகம் வைப்பது? அலாரம் வேண்டாம், புது ஆப் வேண்டாம். அல்லாஹ் நமக்கு ஒரு நாளை ஐந்தாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறான். பாங்கு சத்தம் எல்லார் காதிலும் விழுகிறது.

சுப்ஹுக்குப் பிறகு போனைத் தொடும் முன் கொஞ்ச நேரம் நடை, பிறகு மாத்திரை, அதற்கு உரிய பசியாறல். மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதை அந்தப் பெரியவர் நமக்குக் கற்றுக் கொடுத்துவிட்டார். லுஹருக்குப் பிறகு பாதித் தட்டு காய். அஸருக்கு ஒரு டீ, ஒரு ஸ்பூன் சர்க்கரை, பக்கோடாவுக்குப் பதில் அவித்த சுண்டல். மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, இஷாவுக்குப் பள்ளிவாசலுக்கு நடந்தே போங்கள். சாப்பிட்ட பிறகு நடக்கும் அந்தப் பத்து நிமிடம் சர்க்கரையைக் குறைக்கும், ஜமாஅத்தின் நன்மை தனி. பெண்கள் முற்றத்தில் நடக்கலாம். இஷாவுக்குப் பிறகு வீண் பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று ஹதீஸில் இருக்கிறது. இன்று அந்த வீண் பேச்சு போனுக்குள் வந்துவிட்டது. சபுராளியோடு பேச வேண்டியதைப் பேசிவிட்டு, எல்லாப் போனையும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் போட்டுவிடுங்கள். படுக்கைக்குப் போன் வர வேண்டாம்.

எல்லாவற்றையும் நாளைக்கே தொடங்காதீர்கள், மூன்று நாளில் அலுத்துவிடும். இந்த வாரம் பைலின் முதல் பக்கம் மட்டும். அடுத்த வாரம் டீயில் ஒரு ஸ்பூன் குறைப்பு. அதற்கடுத்த வாரம் இன்னொன்று.

அறக்கட்டளை என்ன செய்யும்?

சனிக்கிழமைதோறும் அஸருக்குப் பிறகு கல்லூரி மாணவ மாணவியர் இங்கே அமர்ந்து, டிஜிலாக்கர் திறக்கவும் பெயர் வேறுபாட்டைப் பட்டியலிடவும் உதவுவார்கள். பெண்களுக்குத் தனி இடம், மாணவியரே சொல்லித் தருவார்கள். முதல் பக்கத்துக்கான படிவம் இந்த இதழோடு வருகிறது. வசதி இல்லாத வீடுகளுக்குக் கவர் அறக்கட்டளை கொடுக்கும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இன்னும் சேராத முதியவர்கள் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், கூட வந்து பதிந்து தருகிறோம்.

ஜமாஅத்திடம் எங்கள் கோரிக்கை ஒன்று. நிக்காஹ் விருந்து தாமதமானால், சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் ஒரு மணிக்கே முன்பந்தி போட்டுவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வரவில்லை, பெரிய மனிதர்கள் வரவில்லை என்று அவர்களைக் காக்க வைக்கக் கூடாது. பத்திரிகையிலேயே அந்த நேரத்தை அச்சடித்தால் இன்னும் நல்லது. களறிச் சாப்பாட்டில் தாளிச்சாவோடு இன்னும் ஒரு காய் சேர்த்தால் அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் பெரியவர் இன்று இந்தக் கூட்டத்தில் நம்மோடு இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார். வரும்போது சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம், மருமகளின் எண். பேத்தி எழுதிக் கொடுத்தாளாம். அதே பையில் ஒரு சின்னப் பொட்டலம் சீனி. "இனிமே பந்தி எப்ப போட்டாலும் பயமில்லை" என்று சிரித்தார்.

நம் உடம்பும் பொருளும் குடும்பமும் அல்லாஹ் நம்மிடம் கொடுத்த அமானிதம். அதைக் கணக்கோடு திருப்பிக் கொடுக்கும் பாக்கியத்தை நம் எல்லாருக்கும் தந்தருள்வானாக. நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், சபுரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பையும், மௌத்தாகிப் போன நம் பெற்றோருக்கு மஃபிரத்தையும் வழங்குவானாக. ஆமீன்.